லெஜாண்டருக்குள் நான் கண்டுபிடித்த புயல்

கணிதத்தில் ஒரு புயலைக் கண்டுபிடித்தவன் நான். அப்படி ஒரு புயலே கிடையாது என்பது பதினோரு நாட்கள் கழித்துத் தெரியவந்தது. அந்தப் பதினோரு நாட்களைப் போல மகிழ்ச்சியாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (என் மனைவி கட்டுரை படிக்கிற வழக்கம் இல்லாதவள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.)

அப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கணிதத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். 'செய்துகொண்டிருந்தேன்' என்பது கொஞ்சம் மரியாதையான சொல். உண்மையில் ஆறு வருடமாக அங்கே இருந்தேன், அவ்வளவுதான். ஆய்வுக் குழு இரண்டு முறை கூடி, இரண்டு முறையும் "புதுசா ஒண்ணும் காணோமே" என்று சொல்லிவிட்டது. மூன்றாவது முறையும் புதிதாக ஒன்றும் காட்டாவிட்டால் பதிவு ரத்து. ரத்தானால் பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அப்பா கரும்பு போட்டிருந்தார். நான் திரும்பி வருவதில் அவருக்கும் விருப்பம் இல்லை. இவன் கையில் கத்தியைக் கொடுத்தால் கரும்புக்குத்தான் கஷ்டம் என்று அவர் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

என் ஆய்வு சிறப்புச் சார்புகள் பற்றியது. சைன், கொசைன் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமான ஆட்கள். அவர்களைத் தாண்டி காமா, பெசல், லெஜாண்டர் என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. மேளத்தின் தோல் எப்படி அதிர்கிறது, பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று யார் கேட்டாலும் கடைசியில் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். இவர்களைப் புத்தகத்தில் சூத்திரமாகப் பார்த்தால் பயமாக இருக்கும். படமாகப் பார்த்தால் காதல் வந்துவிடும். எங்கள் ஆய்வகக் கம்ப்யூட்டரில் இயற்கணித மென்பொருள் ஒன்று இருந்தது. ஒரு வரி கட்டளை கொடுத்தால் போதும், வளைவு திரையில் எழுந்து வரும். பெசல் சார்பின் அலைகள் போகப் போகத் தணிந்து அடங்குவதை முதன்முதலில் பார்த்த அன்று நான் டீ குடிக்கக்கூடப் போகவில்லை. (ஆறு வருடத்தில் டீக்குப் போகாத ஒரே நாள் அதுதான்.) அந்த அழகை இன்றும் வியக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், நான் படத்தை மட்டும் வியந்தேன். அதற்குப் பின்னால் இருந்த கணக்கை அல்ல.

லெஜாண்டர் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். அது பல்லுறுப்புக் கோவைகளின் ஒரு குடும்பம். முதலாவது, இரண்டாவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. கழித்தல் ஒன்றில் இருந்து ஒன்று வரைக்கும் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக அலைபோலப் போகும். எண் கூடக் கூட அலைகளும் கூடும். நான் பத்தாவதை வரைந்தேன், இருபதாவதை வரைந்தேன், முப்பதாவதை வரைந்தேன். எல்லாம் சாதுவாக இருந்தன. வெறுமனே பெயரைச் சொல்லி வரையாமல், கோவையின் எல்லா உறுப்புகளையும் ஒவ்வொன்றாக விரித்து எழுதச் சொல்லி, அதற்குப் பிறகே வரையச் சொன்னேன். அப்படிச் செய்தால் திரை முழுக்க எண்கள் நிரம்பும், பின்னால் நடந்து போகிறவர்கள் நான் ஏதோ பெரிய வேலை செய்வதாக நினைப்பார்கள். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

நாற்பதாவதில் இரண்டு ஓரங்களிலும் கோடு லேசாகப் பிசிறடித்தது. ஐம்பதாவதை வரைந்தபோது நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். நடுவில் ஒன்றுமே இல்லாத அமைதி. இரண்டு ஓரங்களிலும் கோடு தறிகெட்டு வானத்துக்கும் பாதாளத்துக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தது. உள்ளே அமைதி, கரையில் ஆட்டம். கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு அதைப் பார்த்ததும் வேறு என்ன தோன்றும்? அதற்குக் 'கரையோரப் புயல்' என்று பெயர் வைத்தேன். நாற்பதுக்கு மேல் லெஜாண்டர் குடும்பத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு கொந்தளிப்பு இருக்கிறது என்று அன்றைக்கே பதினான்கு ஸ்லைடு தயாரித்தேன்.

என் ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு நல்ல மனிதர். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. ஸ்லைடுகளை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கலர் நன்றாக வந்திருக்கிறது என்றார்.

என்னைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே ஆள் அமுதா. எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்தவள். தேவனாம்பட்டினத்து மீனவர் குடும்பத்துப் பெண். கடலூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். வழியில் குடிகாட்டுப் பக்கம் நெரிசலில் பஸ் நிற்கும்போது மடியில் நோட்டை வைத்துக் கணக்குப் போடுவாள். அவளுடைய வழக்கம் ஒன்று எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. எந்தச் சார்பை வரைவதாக இருந்தாலும், கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் நோட்டில் நாலைந்து இடங்களில் அதன் மதிப்பு எவ்வளவு வர வேண்டும் என்று கையாலேயே கண்டுபிடித்து எழுதிவைப்பாள். அதன் பிறகுதான் கட்டளை கொடுப்பாள். கம்ப்யூட்டர் இருக்கும்போது எதற்கு இந்தத் தலையெழுத்து என்று நான் கேலி செய்திருக்கிறேன், அதுவும் ஜூனியர்களை வைத்துக்கொண்டு. அவள் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டே இருப்பாள்.

நான் புயலைக் கண்டுபிடித்த வாரம் அவள் ஊரில் இல்லை என்று சொல்ல முடியாது, அவள் ஊரில்தான் இருந்தாள். சிதம்பரத்துக்கு வரவில்லை. மாசி மகத்துக்குச் சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் அவர்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்திருந்தன, வீடு முழுக்க விருந்தாளிகள். அதை ஒட்டியே அவள் அக்காவுக்குப் பிரசவம். ஆகவே என் அறிவு பதினோரு நாட்கள் கேட்பாரற்றுக் கிடந்தது.

அந்த இடைவெளியில் நான் செய்த அடுத்த முட்டாள்தனம், படத்தை என் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அக்காவை ஸ்ரீமுஷ்ணத்தில் கொடுத்திருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் செல்வராசு மாமா மூன்று டிராக்டர் வைத்து ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர். என்மேல் உயிரையே வைத்திருக்கிறவர். நான் பிளஸ் டூ பாஸானதற்கே ஊரைக் கூட்டி பிரியாணி போட்டவர். அவர் போன் செய்து, இதை உலகத்திலேயே நீதான் முதலில் பார்த்தாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்படித்தான் நினைக்கிறேன் மாமா என்றேன். டக்கென்று போனை வைத்துவிட்டார். அவர் அழுதுகொண்டிருந்தார் என்று பிறகு அக்கா சொன்னாள்.

ஆய்வுக் குழு கூடும் நாள் வந்தது. பதினொரு மணிக்குக் கூட்டம். ஒன்பதரைக்கே நான் இஸ்திரி போட்ட சட்டையோடு கல்லூரி வாசலுக்குப் போனேன். வாசலில் ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. பன்னிரண்டு அடி அகலம். மேலே என் படம். 'கணிதத்தில் புயலைக் கண்டுபிடித்த பெண்ணாடம் தந்த பேரறிவே! எங்கள் மச்சான் கதிரவனே! வருக! வருக!' நடுவில் என் ஐம்பதாவது லெஜாண்டர், ஆளுயரத்துக்கு. அதைச் சுற்றி 'இவண்' என்று போட்டு மாமா, அக்கா, பிள்ளைகள், டிராக்டர் டிரைவர்கள் மூவர், நான் இதுவரை பார்த்தே இராத சொந்தக்காரர்கள் என்று மொத்தம் பதினேழு முகம். மாமாவின் முகம் என்னுடையதைவிடப் பெரியது. (அனுமதி வாங்கிக் கட்டினாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.) பேனருக்குக் கீழே மாமா வெள்ளை வேட்டியில், கையில் லட்டு டப்பாவோடு, உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது.

பேனருக்கு நேர் எதிரே அமுதா நின்றுகொண்டிருந்தாள். அன்றுதான் ஊரில் இருந்து திரும்பியிருந்தாள். ஒரு கையில் மாமா கொடுத்த லட்டு. கண் என் வளைவில். நான் பாராட்டை எதிர்பார்த்துப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, இது அம்பதாவதுதானே?"

ஆமாம் என்றேன்.

"ஒன்னுகிட்ட எவ்ளோ வரணும்?"

"ஒன்னு வரணும்."

"இங்க முன்னூறுன்னு போட்டிருக்குதே."

ஸ்லைடில் வளைவின் உயரத்தைக் காட்டும் அந்த அச்சு எண்கள் எறும்பு அளவில் இருந்தன. நானே அவற்றைச் சரியாகப் படித்ததில்லை. மாமாவின் புண்ணியத்தில் பேனரில் அவை ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரத்தில் நின்றன. முன்னூறு. அதற்குக் கீழே இருநூறு. அதற்குக் கீழே நூறு. தெருவில் போகிற மாட்டுக்குக்கூடத் தெரிகிற அளவு.

லெஜாண்டர் குடும்பத்தில் எத்தனையாவது ஆளாக இருந்தாலும் சரி, கழித்தல் ஒன்றில் இருந்து ஒன்று வரைக்கும் உள்ள அந்த இடத்தில் ஒன்றைத் தாண்ட மாட்டார். கழித்தல் ஒன்றுக்குக் கீழேயும் இறங்க மாட்டார். இது நிரூபிக்கப்பட்ட தேற்றம். எனக்குத் தெரியாத தேற்றமும் அல்ல. என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில், பன்னிரண்டாம் பக்கத்தில், நானே முழு நிரூபணத்தோடு எழுதியிருந்தேன். ஜூனியர்களுக்குக் கரும்பலகையில் இரண்டு முறை நடத்தியும் இருக்கிறேன். ஆனாலும் திரையில் ஒரு படம் துள்ளியதும் பன்னிரண்டாம் பக்கம் எனக்கு மறந்துபோனது.

அமுதா மணியைப் பார்த்தாள். ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது, வாங்க என்று முன்னால் நடந்தாள். அவள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. நான் அவளைக் கேலி செய்த நாட்கள் எல்லாம் ஆய்வகத்துப் படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தன.

ஆய்வகத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். முதல் இரண்டு லெஜாண்டர்களில் இருந்து மூன்றாவது, அந்த இரண்டில் இருந்து நாலாவது என்று படிப்படியாக ஏறிப்போகும் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, கால்குலேட்டரில் அந்தச் சூத்திரத்தின் வழியே ஐம்பது படி ஏறினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். கடைசியில் வந்தது ஒன்றைவிடச் சின்னது. அதற்குப் பிறகுதான் மென்பொருளைத் தொட்டாள். விரித்து எழுதிய என் கோவையையே கொடுத்து, வழக்கமான பதினாறு இலக்கத்துக்குப் பதிலாக ஐம்பது இலக்கம் வைத்துக் கணக்குப் போடு என்றாள். புயல் போய்விட்டது. ஓரத்தில் சின்னச் சின்ன அலைகள், வரிசையாக, அடக்கமாக, கடைசிப் புள்ளியில் சரியாக ஒன்றைத் தொட்டு நின்றன. சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, என் புயலைவிட அது எவ்வளவோ அழகாக இருந்தது. தலை போகிற நேரத்திலும் அதைப் பார்த்துக்கொண்டு சில நொடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"புயல்னா எங்க ஊர்ல கொழந்தைக்கும் தெரியும்ண்ணா," என்றாள் அமுதா. "இது புயல் இல்ல. மெஷினுக்கு எடம் பத்தல."

இதற்குள் லட்டு டப்பாவோடு மாமா உள்ளே வந்து நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் யார் செத்தது என்கிற மாதிரி பயந்துவிட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அமுதாதான் சொன்னாள். கோவையை விரித்தால் பதினெட்டு இலக்கத்துக்குப் பெரிய பெரிய எண்கள் வருகின்றன, ஒன்று கூட்டல், அடுத்தது கழித்தல், எல்லாம் ஒன்றை ஒன்று தின்று தீர்த்துக் கடைசியில் மிஞ்சுவது ஒன்றுக்கும் குறைவு. மெஷின் பதினாறு இலக்கத்துக்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அதனால் மிச்சம் என்று அது காட்டுவது வெறும் பிசகு.

மாமா எட்டாவது வரை படித்தவர். கொஞ்சம் யோசித்தார்.

"இதுக்காடா மச்சான் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்குற? லோடு டிராக்டர எடமேடையில ஏத்துனா பத்து கிலோ இருவது கிலோ முன்னப் பின்னதான் காட்டும். அதுல டிரைவர் பாக்கெட்டுல இருக்கிற பீடிக்கட்டுக்கு எட போட முடியுமா? கட்டோட ஒருக்கா, கட்டு இல்லாம ஒருக்கா போட்டுக் கழிச்சின்னா, பீடிக்கட்டு இருவது கிலோன்னு காட்டும். நீ அத நம்பிட்டுருக்குற."

அமுதா மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். இதைவிடத் தெளிவாகப் புத்தகத்தில்கூட இல்லை என்றாள். ஆறு வருட ஆராய்ச்சியாளனான எனக்கு, எனக்கு என்ன நடந்தது என்பது அந்தப் பீடிக்கட்டில்தான் முழுதாகப் புரிந்தது.

மாமா லட்டு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். நாங்கள் ஸ்லைடுகளில் இருந்து புயலைப் பிடுங்க ஆரம்பித்தோம். பதினான்கு ஸ்லைடில் மூன்று மிஞ்சின. அதில் ஒன்று 'நன்றி, வணக்கம்'.

பதினொரு மணிக்குக் குழு கூடியது. வெளியூரில் இருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்ட முதல் கேள்வி ஆய்வைப் பற்றியது அல்ல.

"வாசல்ல உங்க பேர்ல ஒரு பேனர் இருக்கு. நடுவுல சதுரமா ஒரு ஓட்டை இருக்கே, அது என்ன?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பேனரை அவிழ்க்க ஏணி இல்லாததால், மாமா வண்டியில் கிடந்த கரும்பு வெட்டும் கத்தியை எடுத்துப்போய், என் மானத்தைக் காப்பாற்ற வளைவை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார். பதினேழு சொந்தக்காரர்களும் சிரித்த முகத்தோடு ஒரு ஓட்டையைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். மேலே 'கணிதத்தில் புயலைக் கண்டுபிடித்த' என்ற வரி அப்படியே இருக்கிறது.

காற்றில் கிழிந்துவிட்டது சார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கைடு கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் காட்டிக்கொடுக்க மாட்டார். அமுதா கடைசி வரிசையில் நோட்டை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். அவளும் மூச்சு விட மாட்டாள் என்று தெரியும். அவள் சொல்ல மாட்டாள் என்பதுதான் என்னைக் குத்தியது. தான் கண்டுபிடித்ததை எனக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் முன்னால் பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்றைக்கும் அவள்மேல் எனக்கு இருக்கிற மரியாதை அந்த நொடியில் வந்ததுதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். புயல், அதற்கு நான் வைத்த பெயர், பன்னிரண்டாம் பக்கம், முன்னூறு, பதினாறு இலக்கம், பீடிக்கட்டு. பிடுங்கிப்போட்ட புயல் படத்தையும் அமுதா வரைந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். பதிவு போனது போனதுதான் என்று முடிவு செய்துவிட்டதால் பயமில்லாமல் பேசினேன். ஆறு வருடத்தில் நான் தெளிவாகப் பேசிய முதல் அரை மணி நேரம் அது.

வெளியூர்ப் பேராசிரியர் இதை யார் கண்டுபிடித்தது என்றார். அமுதாவைக் காட்டினேன். அவளை எழுப்பி, எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நீளமாக எதையோ எதிர்பார்த்து எல்லோரும் திரும்பினார்கள்.

"எவ்ளோ வரணும்னு தெரிஞ்சிருந்துது சார். அவ்ளோதான்."

என்னை வெளியே அனுப்பிப் பத்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு வருடம் நீட்டிப்பு. ஆனால் தலைப்பு மாற வேண்டும். சிறப்புச் சார்புகளை வரையும்போது படம் எங்கெங்கே பொய் சொல்லும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையே ஆய்வாக எழுதச் சொன்னார்கள். இந்தத் தவறை நாங்கள் எல்லோரும் செய்திருக்கிறோம், பேனர் வரைக்கும் போனது நீங்கள்தான் என்றார் அந்தப் பேராசிரியர்.

அப்படித்தான் நான் டாக்டர் ஆனேன். அமுதா எனக்கு ஆறு மாதம் முன்பே ஆகிவிட்டாள். இப்போது அவள் ஒரு துறைக்குத் தலைவர். எனக்குச் சந்தேகம் வந்தால் இன்றும் அவளுக்குத்தான் போன் செய்கிறேன். படத்தை அனுப்பினால் பார்க்க மாட்டாள், எதிர்பார்த்தது என்ன என்று முதலில் கேட்பாள். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக நேர்த்தியான மூளை அது.

மாமாவும் அவளுடைய ரசிகராகிவிட்டார். டிராக்டரை எடைமேடையில் ஏற்றும் முன் "எவ்ளோ வரணும்?" என்று டிரைவரைக் கேட்கிறாராம். என் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைக்க மறுபடியும் பேனர் அடித்தார். அதை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் இந்த முறை பிளெக்ஸ் கடைக்காரர் அனுப்பிய மாதிரிப் படத்தை எனக்கு அனுப்பாமல் அமுதாவுக்கு அனுப்பி, எல்லாம் சரியாக இருக்கிறதா தங்கச்சி என்று கேட்டிருக்கிறார். அவள் ஒரே ஒரு திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

"அண்ணாவுக்கு முடி இவ்ளோ வரக்கூடாது."

மாமா அதை மேடையில் மைக் பிடித்துப் படித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் கண்ணாடி முன் சீப்பை எடுத்தால் போதும், சமையலறையில் இருந்து என் மனைவி, எவ்ளோ வரணும்னு மொதல்ல எழுதி வச்சிட்டு அப்புறம் தலைய வாருங்க என்கிறாள்.